நடுவில் நிற்பவனின் கழுத்து

லரூஸாக், பிரான்ஸ்
6 செப்டம்பர் 1999

மாப்ளே வாஜா,

மாப்ளேன்னு இப்பவே எழுதலாமான்னு தெரியல. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுக்குள்ள என் தங்கச்சி லமாராவுக்குப் புத்தி வந்துட்டா இந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டுடு.

வந்து சேந்துட்டேன். கறிக்கடைக்கு மேல ஒரு ரூம் குடுத்திருக்காங்க. கீழ எலும்பு வெட்டுற சத்தத்துலதான் காலையில முழிக்கிறேன். கரண்டு எப்பவும் இருக்குடா. முதல் நாள் சுவிட்சப் போட்டுப் போட்டு அணைச்சுட்டு இருந்தேன். கறிக்கடைக்காரர் மேல ஏறி வந்து ஏதாச்சும் ரிப்பேரான்னு கேட்டாரு. நம்ம ஊர் குத்தைஸில கரண்டு இல்லாம நீங்கல்லாம் மெழுகுவத்திய வெச்சுட்டு உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சா மனசு கொஞ்சம் குத்துது. கொஞ்சம் சிரிப்பும் வருது.

இங்க ரக்பி டீம்லயும் எனக்கு அதே மூணாம் நம்பர்தான், முன்வரிசையில வலது தூண். ஆனா நடுவுல உன் இடத்துல, ஹூக்கரா நிக்கிறது ஜீல்னு ஒருத்தன். தோள்ல கை போடுறான் பாரு, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் தூங்கி விழுந்த மாதிரி இருக்கு. நீ புடிச்சா உன் நகம் என் விலாவுல பதியும். அந்த வலி இல்லாம எனக்குத் தள்ளவே வரல.

கோச் பேரு லஃபார்க். ஊர்ல அவரு மாட்டு வைத்தியர். வந்த அன்னிக்கே என் கழுத்தச் சுத்தி விரலால அமுக்கி அமுக்கிப் பாத்தாரு, சந்தையில மாடு வாங்குற மாதிரி. அப்புறம் "நல்ல கழுத்து"ன்னாரு. எனக்குப் புரிஞ்ச முதல் பிரெஞ்சு வாக்கியம் அதுதான்.

நான் வந்ததால இடம் போனது செர்ஜ்னு ஒருத்தனுக்கு. வயசு முப்பதத் தாண்டிருச்சு, மூணு புள்ளைங்க, வாரத்துல பாதி நாள் கொத்தனார் வேலை. அவன்தான் என்னக் கூட்டிட்டுப் போய்க் கடைத்தெருவக் காட்டினான், ரொட்டி வாங்கக் கத்துக்குடுத்தான். உனக்குக் கோவமே வரலையான்னு கேக்கணும். வார்த்தை தெரியல.

எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

ரெஸோ


குத்தைஸி
17 அக்டோபர் 1999

அன்புள்ள மச்சான்,

லமாராவுக்குப் புத்தி வரவில்லை. உன் தங்கை இப்போது என் மனைவி. என் சட்டைகளில் எது கிழிசல் என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நம் வழக்கப்படி கல்யாண வாசலில் எங்கள் தலைக்கு மேல் வாளைப் பிடிக்க நீ இல்லை. உன் சித்தப்பா மகன் பிடித்தான். காலையிலிருந்தே குடித்திருந்தான். நாங்கள் நுழையும்போது வாள் சரிந்து என் காதை உரசியது. எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா ஒவ்வொரு வாழ்த்துக்கும் கோப்பையைத் தூக்கி, உன் பெயர் வரும்போது மட்டும் உட்கார்ந்துவிட்டார். "கிளப்புல லீவு தரலையாம்" என்று உன் அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நீ கேட்கவே இல்லை என்று நான் நினைக்கிறேன். கேட்டால் இடம் போய்விடுமோ என்று பயந்திருப்பாய். இருக்கட்டும், சொல்லிவிட்டேன், முடிந்தது.

இங்கே மைதானத்தில் மாடுகளை விரட்டிவிட்டுத்தான் பயிற்சி. என் அம்மா முதல்முறையாக வந்து பார்த்தாள். "எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிஞ்சு தலையக் கோத்துக்கிட்டு முட்டுறீங்களே, பந்து எங்கடா?" என்றாள். காலுக்கடியில் என்றேன். "எதிராளியோட தலை ரெண்டு பக்கமும் ஒன்ன நெருக்குது, ஒன் கை ரெண்டும் பக்கத்துல நிக்கிறவங்க தோள்ல இருக்கு. கீழ விழுந்தா எத ஊணுவ?" என்றாள். இத்தனை ஆண்டுகளாக விளையாடுகிறேன், இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் விழவிட மாட்டார்கள் என்று சொல்லி வைத்தேன்.

உன் இடத்தில் இப்போது ஒரு லாரி ஓட்டுநர் நிற்கிறான். நல்லவன். ஆனால் என் வலப்பக்கம் காற்று வாங்குகிறது.

வாஜா


லரூஸாக்
13 டிசம்பர் 1999

மாப்ளே,

வாத்தியார் மாதிரியே எழுதுற. கல்யாணத்துக்கு வராதது தப்புதான், ஒத்துக்கறேன். இப்ப நல்ல சேதி கேளு.

நான் மெயின் டீம்ல ஆடுறேன்! நேத்து பேரோலாக் டீமப் போட்டுப் பொரட்டிட்டோம். ஊர்ப் பேப்பர்ல என் போட்டோ. கறிக்கடைக்காரர் ஒரு முழு வாத்தக் குடுத்துட்டுக் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. தெருவுல போனா கார நிறுத்தி ஹாரன் அடிக்கிறாங்க. எனக்கு ஒரு பட்டப்பேரு வேற வெச்சிருக்காங்க: சாவி.

ஏன் சாவின்னு சொல்றேன். லஃபார்க் ஒரு நாள் அவரு கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனாரு. மேசை மேல மாட்டோட கழுத்தெலும்ப வரிசையா அடுக்கி வெச்சிருந்தாரு. "இங்க அமுக்கினா மாடு தானா முட்டி போடும்"னு காட்டினாரு. அப்புறம் என்னக் குனியச் சொல்லி அதையே ஸ்க்ரம்ல, அதான் உங்கம்மா கேட்ட அந்தத் தலைமுட்டல்ல, எப்படிச் செய்யறதுன்னு சொல்லிக்குடுத்தாரு. நேராத் தள்ளக் கூடாது. மோதினதும் தோள உள்பக்கமாத் திருப்பணும். தலைய எதிர் ஹூக்கரோட நெஞ்சுக்கடியில குடுக்கணும். அவன் தாடை அவன் நெஞ்சுல போய் ஒட்டிக்கும். அப்ப முட்டியக் கீழ விட்டா மொத்த ஸ்க்ரமும் சரியும். நடுவர் அந்தப் பக்கம் நிப்பாரு, அவங்கதான் வழுக்கிச் சரிச்சாங்கன்னு நெனச்சு அவங்களுக்கு எதிராவே விசிலடிப்பாரு. பூட்டு திறந்த மாதிரி டக்குனு ஒரு உணர்வு வரும் வாஜா, தோள்லயே தெரியும்.

பேரோலாக்கோட ஹூக்கர் மூணாவது தடவை எந்திரிச்சப்ப இடது கைய உதறிட்டே நின்னான், எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் வெளிய போயிட்டான். அதோட அவங்க காலி.

செர்ஜ் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வந்து என்னத் தூக்கிட்டான். அவன் தூக்கினா இடுப்பு முறியும்!

லமாராட்ட போட்டோவக் காட்டு.

சாவி (சும்மா எழுதிப் பாத்தேன்)


குத்தைஸி
20 ஜனவரி 2000

ரெஸோ,

போட்டோவைக் காட்டினேன். உன் அம்மா சுவரில் மாட்டிவிட்டாள். கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

நான் ஹூக்கர். நீ எழுதியதை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தேன். உனக்குப் பூட்டு திறக்கிற மாதிரி இருப்பது அந்தப் பக்கத்தில் என்னவாக இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தாடை நெஞ்சில் ஒட்டினால் முதலில் மூச்சு நிற்கும். அடுத்து, பின்கழுத்திலிருந்து ஒரு சூடு கை வரைக்கும் இறங்கும். "விடு, விடு" என்று கத்த நினைப்போம். வாய் திறக்காது. அது எறும்பு இல்லை, மச்சான்.

அந்த ஆளின் பெயரைக்கூட நீ எழுதவில்லை. கை சரியாகிவிட்டதா என்று யாரிடமாவது கேட்டாயா?

உன் பலத்துக்கு இந்த வேலை தேவையில்லை. நேராகத் தள்ளியே நீ எத்தனை பேரைப் பின்னுக்கு அனுப்பியிருக்கிறாய், நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்தானே. அந்த மாட்டு வைத்தியரிடம் சொல். புரியவில்லை என்றால் உன் அப்பாவின் ஓட்டை ரஷ்ய மொழியில் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சொல்.

இன்னொன்று. லமாராவுக்கு ஆகஸ்டில் குழந்தை பிறக்கும். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் கடைசிக்குப் போய்விட்டது.

வாஜா


லரூஸாக்
4 மார்ச் 2000

தாய்மாமன் ஆகப்போறேன்! கறிக்கடையில எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன். லமாராவுக்கு ஒரு கம்பளிக் கோட் அனுப்பியிருக்கேன். பெருசா இருந்தா அவ வயிறு ரொப்பிக்கும்.

மத்ததுக்கு வரேன். நீ அங்க மாட்டுச் சாணியில வழுக்கி வெளையாடிட்டு எனக்குப் பாடம் எடுக்காத. இங்க எல்லாரும் இதுதான் செய்யறாங்க. எனக்கும் செய்யறாங்க. போன வாரம் ஒருத்தன் என் காதக் கடிச்சான், தையல் போட்டிருக்கு. நான் யாருக்கும் கடுதாசி எழுதி அழுதேனா? இது வேலைடா. வெளையாட்டுன்னா அது குத்தைஸி.

இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. பெரிய டிவிஷன்ல இருந்து ஆளுங்க வந்து பாக்குறாங்களாம். சாவிய விட்டா அவங்க யாரப் பாக்க வருவாங்க? குத்தைஸியில இருந்து வந்த இன்னொரு தடியனத்தான்.

செர்ஜ் ஒரு நாள் என் ரூமுக்கு வந்தான். கையில தொப்பிய வெச்சுத் திருகிட்டே நின்னான். இந்த சீசனோட அவன அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. "ரெஸோ, எனக்கும் அதக் காட்டு. பெஞ்சுலயாவது ஒட்டிட்டு இருக்கேன்"னான். எனக்கு ரொட்டி வாங்கக் கத்துக்குடுத்தவன். எப்படி மாட்டேன்னு சொல்றது? லஃபார்க்கும் "காட்டு, காட்டு"ன்னாரு. கறிக்கடைக்குப் பின்னால ரெண்டு பேரும் தெனம் குனிஞ்சு முட்டிக்கிறோம். கறிக்கடைக்காரரு பொண்டாட்டி ஜன்னல்ல இருந்து சிரிக்கிறா. அவன் மெதுவாத்தான் கத்துக்கறான். ஆனா ஒருதடவை புடிபட்டுட்டா விடவே மாட்டேங்குறான்.

அந்த ஆளு பேரு எனக்குத் தெரியாது.

ரெஸோ


குத்தைஸி
25 ஜூன் 2000

மச்சான்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபம் தீர்ந்தபின் எழுதலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் வேறு விஷயம் வந்துவிட்டது.

மே மாதம் ஒரு ஏஜென்ட் வந்தார். லாரி ஓட்டுநரைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு பிரெஞ்சு கிளப்புக்கு அவசரமாக ஹூக்கர் தேவையாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் அப்பா கொல்லையில் புதைத்து வைத்திருந்த ஒயின் ஜாடியைத் திறந்துவிட்டார். லமாரா ஒரு கண்ணால் அழுது, ஒரு கண்ணால் என் பெட்டியில் எதையெல்லாம் திணிக்கலாம் என்று பார்க்கிறாள். குழந்தை பிறந்து கொஞ்சம் தேறியதும் அவளும் வருவாள்.

கிளப்பின் பெயரைக் கடைசியில் எழுதுகிறேன், நீ உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. பேரோலாக்.

ஆமாம், உன் டிவிஷன்தான். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். ஆட்டங்களின் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்துக்கு நீங்கள் வருகிறீர்கள்.

இத்தனை வருடம் உன் பக்கத்திலிருந்தே உன்னைப் பார்த்தவன், முதல்முறையாக எதிரே நின்று பார்க்கப்போகிறேன். மூக்கு அவ்வளவு கோணலா என்று தெரிந்துவிடும்.

வாஜா


லரூஸாக்
10 செப்டம்பர் 2000

வாஜா,

பொண்ணு பொறந்ததுக்கு வாழ்த்து. தெக்லேங்கற பேரு நல்லா இருக்கு. போன்ல அம்மா சொன்னா, என் காதுதான் அவளுக்காம். பாவம்.

நீ பேரோலாக் வந்து சேந்ததுக்கப்புறம் வரச்சொன்ன ரெண்டு தடவையும் நான் வரலேன்னு கோவமா இருப்ப. போன் பண்ணப்பவும் எடுக்கல, அதுவும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். காரணம் சொல்றேன்.

நீ பேரோலாக்ல சேந்தது லஃபார்க்குக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், பேப்பர்ல போட்டாங்க. "மச்சானும் மாப்பிள்ளையும் மோதுறாங்க"ன்னு பெருசாப் போட்டிருக்கான். லஃபார்க் என்னக் கூப்பிட்டாரு. ஒரு கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டுட்டு இருந்தாரு. தலையே நிமிரல. "அவன் உன் பக்கத்துலயே வளந்தவனாமே?"ன்னாரு. ஆமான்னேன். "நல்லது. அப்ப அவன் கழுத்து உனக்கு நல்லாத் தெரியும்"னாரு.

அவ்வளவுதான் சொன்னாரு. ஊசிய உருவிட்டுக் கன்னுக்குட்டியத் தட்டிக் குடுத்தாரு.

மாட்டேன்னு சொல்லாமலே வெளிய வந்துட்டேன். அப்புறம் உன்னப் பாக்க வந்தா நீ கேப்ப, நான் எதாச்சும் சொல்லணும். அதான் வரல.

ஒரு ஆட்டம்தானே. எண்பது நிமிஷம். முடிஞ்சதும் நானே உன் ரூமுக்கு வந்து சமைச்சுப் போடுறேன்.

ரெஸோ


பேரோலாக்
22 அக்டோபர் 2000

மச்சான்,

போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் இளகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

இங்கே டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் திதியே என்று ஒருவர் உட்கார்கிறார். என் வயதை விடக் கொஞ்சம் கூட. முதல் நாள் வலது கையை நீட்டினார், கைகொடுத்தேன். இடது கை மடியிலேயே இருந்தது. சட்டையின் மேல் பட்டன் திறந்தே இருக்கும். நான் ஸ்டைல் என்று நினைத்தேன். போன வாரம் குளிர், காற்று. "பட்டனப் போட்டுக்கங்களேன்" என்றேன். "போட்டுவிடுறீங்களா?" என்றார். போட்டுவிட்டேன். அப்போதுதான் விளங்கியது. அந்த விரல்கள் அசைவதில்லை.

போன டிசம்பரில் லரூஸாக்கில் ஆடிய ஆட்டம். எறும்பு கடித்தது இவரைத்தான். இவர் திரும்ப ஆட வராததால் காலியான இடம்தான் எனக்குக் கிடைத்தது. நான் சாப்பிடுகிற ரொட்டி உன் தோளால் எனக்கு வந்தது, ரெஸோ. அன்று இரவு லமாராவிடம் போனில் பேசும்போது இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நான் யார் என்று திதியேவுக்குத் தெரியும். நீ எனக்கு யார் என்பதும் தெரியும். "உங்க மச்சான் நல்ல ஆட்டக்காரர்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது கேட்கிறேன். கெஞ்சுவதாகவே எடுத்துக்கொள், எனக்கு வெட்கமில்லை. நவம்பரில் அதை எனக்குச் செய்யாதே. நேராக வா. பலமாக வா, என்னைத் தூக்கி ஆற்றில் எறி, கவலையில்லை. தோளை மட்டும் திருப்பாதே. சரி என்று ஒரு வார்த்தை எழுது. அந்த வார்த்தை வரும்வரை எனக்குத் தூக்கம் வராது.

லமாராவும் குழந்தையும் ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவள் மைதானத்தில் இருப்பாள். யாருக்குக் கைதட்டுவது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாஜா


லரூஸாக்
8 நவம்பர் 2000

வாஜா,

சரி.

நேத்து லஃபார்க்குக்கு முன்னால நின்னு சொல்லிட்டேன். "ஞாயித்துக்கிழமை நான் நேராத்தான் தள்ளுவேன்." அவரு திட்டுவாரு, டீம்ல இருந்து எடுப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணும் செய்யல. "உன் இஷ்டம்"னு சொல்லிட்டுப் பேப்பர்ல என் பேரையே மூணாம் நம்பருக்கு எழுதிட்டாரு. எனக்கு அது புடிக்கல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

போன வாரம் ரயிலேறி பேரோலாக் வந்தேன். உனக்குத் தெரியாது. டிக்கெட் ஜன்னல் வரைக்கும் போனேன். திதியே உள்ள இருந்து "எத்தன டிக்கெட்?"னு கேட்டாரு. ஒண்ணுன்னேன். வாங்கிட்டுத் திரும்பிட்டேன். அவரு என் மூஞ்சியப் பாக்கல. நானும் அவரு கையப் பாக்கல.

ஞாயித்துக்கிழமை நேரா வரேன். நீயும் நேரா வா. யாரு பலசாலின்னு லமாரா பாத்துக்கட்டும்.

தூங்கு.

ரெஸோ


லரூஸாக்
20 நவம்பர் 2000

வாஜா,

ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புறேன். உனக்கு யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்களா தெரியல. ரெண்டு நாள் கீழ ஹால்ல உக்காந்திருந்தேன். லமாரா படியில இறங்கி வந்தா. குழந்தை கையில இருந்துச்சு. என்னப் பாத்துட்டு அப்படியே திரும்பி மேல போயிட்டா.

நான் தோளத் திருப்பல. இது உனக்குத் தெரியும். முதல் பாதி முழுக்க நேரா வந்தேன், நீயும் நேரா வந்த. ஒருதடவை என் காதுக்குள்ள "மூக்கு கோணல்தான்டா"ன்னு சொன்ன. எனக்குச் சிரிப்பு வந்து பிடியே நழுவிருச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமா வெளையாடினேன்.

ரெண்டாவது பாதி ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல ஆள மாத்த என் நம்பர்ப் பலகையத் தூக்கினாங்க. நான் களைச்சிருக்கல. லஃபார்க் என்னப் பாக்கவே இல்ல. செர்ஜ் உள்ள ஓடி வந்தான். கோட்டுகிட்ட என் கையத் தட்டிட்டுப் போனான். அவன் கண்ணப் பாத்தேன். பாத்தேன்டா. கறிக்கடைக்குப் பின்னால குனியறதுக்கு முன்னாடி அவன் கண்ணு எப்படி இருக்குமோ அப்படியே இருந்துச்சு.

அப்ப நான் கத்தியிருக்கணும். நம்ம பாஷையில கத்தினா உனக்கு மட்டும்தான் புரியும். ஒரு வார்த்தை போதும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பெஞ்சுல உக்காந்து கையில சுத்தியிருந்த டேப்பப் பிரிச்சேன். நான் வாக்குக் குடுத்தேன், காப்பாத்திட்டேன், இனிமே நடக்குறதுக்கு நான் பொறுப்பில்லேன்னு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோட குனிஞ்சு டேப்பப் பிரிச்சுட்டு இருந்தப்பதான் கூட்டம் மொத்தமா அமைதியாச்சு.

செர்ஜ் மைதானத்துலயே உக்காந்துட்டான். அவன எழுப்ப நாலு பேரு வேண்டியிருந்துச்சு. "ரெஸோ, அது புடிபட்டுருச்சு, விட முடியல"ன்னு சொல்லிட்டே இருந்தான்.

அவனுக்குச் சொல்லிக்குடுத்தது நான்.

பதில் போடு. திட்டியாவது போடு.

ரெஸோ


லரூஸாக்
17 டிசம்பர் 2000

வாஜா,

பதில் இல்ல. புரியுது.

ஈரத்துல புல்லு வழுக்கி ஸ்க்ரம் சரிஞ்சுதுன்னு ரெண்டு கிளப்பும் சேந்து எழுதிக் குடுத்திருக்காங்க. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போடல. மாட்டேன்னும் சொல்லல. உடம்பு சரியில்லேன்னு வந்துட்டேன்.

என்ன செய்யணும்னு சொல்லு.

ரெஸோ


மருத்துவமனை
28 ஜனவரி 2001

ரெஸோ,

நான் சொல்கிறேன், லமாரா எழுதுகிறாள். வலது தோளை அசைக்க முடிகிறது. வலது கையில் இரண்டு விரல்கள் என் பேச்சைக் கேட்கின்றன. மற்றவை கேட்பதில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் வராது என்று நேற்று சொன்னார்கள். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

உன் கடிதங்களை வந்த அன்றே படித்துக் காட்டினார்கள். பதில் சொல்லாதது தண்டனை கொடுக்க அல்ல. தொண்டையில் குழாய் இருந்தது.

உனக்கு ஒன்று தெரிய வேண்டும். செர்ஜுக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ எழுதியிருந்தாய். நான் படித்தேன், மறந்துவிட்டேன். என் பயமெல்லாம் உன் ஒருவன் மேலேயே இருந்தது. நீ வெளியே போய் அவன் வந்ததும் நான் மூச்சு விட்டேன். உன் கடிதங்களில் அவன்தான் நல்ல மனிதன், ரொட்டி வாங்கக் கற்றுக்கொடுத்தவன். கழுத்தைத் தளர்த்திக்கொண்டு குனிந்தேன். தோள் உள்ளே திரும்பியபோது எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அம்மா கேட்ட கேள்விதான் வந்தது, எதை ஊன்றுவாய் என்று.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாய். மன்னிப்புக் கேட்காதே. அது எனக்கு இப்போது வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது வேறு. மார்ச் மாதம் ரக்பி சங்கம் விசாரணை வைக்கிறது. ஈரம் என் கழுத்தை உடைக்கவில்லை. திதியேவின் கையையும் ஈரம் முடக்கவில்லை. அதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். சொன்னால் உனக்கு இந்த நாட்டில் விளையாட்டு முடிந்தது, அதுவும் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயது உனக்கு. போய்ச் சொல்.

வாஜா

(இத எழுதுறது நான். அவர் சொன்னத மட்டும்தான் எழுதியிருக்கேன். நான் சொல்லணும்னா இன்னொரு காகிதம் வேணும். அத நான் எடுக்கல. — லமாரா)


துலூஸ்
4 செப்டம்பர் 2001

வாஜா,

கடற்கரைப் பக்கம் இருக்குற அந்த மறுவாழ்வு இல்லத்துக்கு மாத்திட்டாங்கன்னு அம்மா சொன்னா. தெக்லே நடக்க ஆரம்பிச்சுட்டாளாமே. லமாரா வரச்சொல்ற அன்னிக்கு வருவேன். அதுவரைக்கும் வரமாட்டேன்.

விசாரணையில நடந்தது உனக்குத் தெரியும், பேப்பர்ல வந்துச்சு. லஃபார்க்க ரெண்டு வருஷம் விலக்கிட்டாங்க. அவருக்கு மாடுங்க இருக்கு, கஷ்டமில்ல. செர்ஜுக்கும் எனக்கும் ஒரு வருஷம் ஆடத் தடை. திதியே விஷயத்த நான்தான் சொன்னேன், அதனால எனக்கும். லரூஸாக்ல கறிக்கடைக்காரர் என் பெட்டியத் தெருவுல வெச்சுட்டாரு. அவரு பொண்டாட்டி மட்டும் பெட்டிக்குள்ள ஒரு பாட்டில் ஊறுகாய் வெச்சிருந்தா. இப்ப இங்க காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்குறேன். கழுத்து நல்ல கழுத்துதானே.

பேப்பர்ல வராதத எழுதுறேன்.

விசாரணையில ஒரு பெரியவர் "எங்களுக்குப் புரியலையே, சரியாக் காட்டுங்க"ன்னாரு. மூணு நாற்காலியக் குறுக்க வெச்சுக் காட்டினேன். தோள் எங்க, தலை எங்க, முட்டி எப்ப. ஒண்ணும் விடாமக் காட்டினேன். ஒழுங்காச் சொன்னாத்தான் இனிமே யாரும் செய்யமாட்டாங்கன்னு நெனச்சேன். பின்வரிசையில ஒரு ஆளு கோட்டு போட்டுட்டு உக்காந்திருந்தாரு. என் தோளையே பாத்துட்டு இருந்தாரு. அவரும் சங்கத்து ஆளுன்னு நெனச்சேன்.

போன மாசம் அவரு மார்க்கெட்டுக்கு வந்தாரு. பெரிய டிவிஷன்ல ஒரு கிளப்பு, பேரு வேண்டாம். ஒரு காலத்துல அவங்க என்னப் பாக்க வரமாட்டாங்களான்னு ஏங்கிட்டு இருந்தேன். முட்டைக்கோசு மூட்டைக்கு நடுவுல நின்னுட்டு ரொம்ப மரியாதையாப் பேசினாரு. "நீங்க ஆட வேண்டாம். எங்க தூண்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் சொல்லிக்குடுங்க. அந்த ஆபத்துல இருந்து எப்படித் தப்பிக்கிறதுன்னு மட்டும்"னாரு. அவரு கண்ணு தப்பிக்கிறதப் பத்திப் பேசல. முடியாதுன்னேன். தொப்பியப் போட்டுக்கிட்டு, "பரவாயில்ல. செர்ஜ் ஒத்துக்கிட்டாரு"ன்னாரு.

அன்னிக்கே லரூஸாக் போனேன். செர்ஜ் வீட்டு வாசல்ல புள்ளைங்க வெளையாடிட்டு இருந்துச்சு. அவன் வெளிய வந்தான், உள்ள கூப்பிடல. "செர்ஜ், மைதானத்துல நீ அழுததப் பாத்தவன் நான்"னேன். "பாத்தவன்தான். மூணு புள்ளைங்க, ரெஸோ"ன்னான். அப்புறம், "நான் யாரையும் தொட மாட்டேன். சொல்லித்தான் குடுப்பேன்"னான். எனக்கு அவன அடிக்கக் கை வரல. அதே வார்த்தையத்தான் நானும் ஒரு காலத்துல எனக்குள்ள சொல்லியிருக்கேன்.

சங்கத்துக்கு எழுதினேன். நடக்காத ஒண்ணுக்கு நடவடிக்கை எடுக்க முடியாதாம்.

அந்த கிளப்போட முதல் ஆட்டம் வர்ற ஞாயித்துக்கிழமை. எதிர் டீம் பட்டியல் இன்னிக்குப் பேப்பர்ல வந்திருக்கு. ஹூக்கர் பேரு லிலியான் கசோ. இருபது வயசு. போட்டோவுல சிரிக்கிறான், முன்பல்லு ஒண்ணு இல்ல. இதுதான் அவனுக்கு முதல் சீசன்.

முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடணும்னு சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். அவன் என்ன உள்ள விடுவானா, நான் யாருன்னு தெரிஞ்சா மூஞ்சியில அறைவானா, தெரியல. கோச் தடுப்பாரு. அவங்க அம்மா இருந்தா அம்மாகிட்டயே சொல்லிடலாம்னு இருக்கேன்.

பிரெஞ்சுல எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் புரியல. ரயில்ல யோசிக்கணும்.

ரெஸோ